44 மணி நேரம்: ரயன் ப்ரான் ஊக்கமருந்து வழக்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர் ரயன் ப்ரான் 2011இல் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி, மேல்முறையீட்டில் தப்பினார். அவர் பேச்சு வந்தாலே பேஸ்பால் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். கூரியர் தாமதம் என்ற ஓட்டை வழியாக நழுவியவர் என்பார்கள் ஒரு கட்சியினர். லீக்கின் சோதனை முறையே அரைகுறை என்பார்கள் மறு கட்சியினர். அவருடைய சிறுநீரில் வெளியிலிருந்து ஏற்றிய டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் இருந்ததாக ஆய்வகம் கண்டுபிடித்தது சரி என்பதும், அந்த முடிவை வைத்துத் தண்டிக்க முடியாது என்று மேல்முறையீட்டு நடுவர் சொன்னது விதிப்புத்தகத்தின்படி நிற்கக்கூடிய தீர்ப்பு என்பதும் எங்கள் கணிப்பு. இரண்டும் எப்படி ஒன்றாக நிற்க முடியும் என்பதைப் பார்க்க, மாதிரி எடுத்த நாளிலிருந்து படிப்படியாகப் போக வேண்டும்.

மாதிரி எடுத்த நாள்

2011 அக்டோபர் 1, சனிக்கிழமை. மில்வாக்கி நகரில் அப்போது மில்லர் பார்க் என்ற பெயரில் இருந்த மைதானம். பருவ இறுதிச் சுற்றுகளில் ஒன்றான நேஷனல் லீக் டிவிஷன் தொடரின் முதல் ஆட்டத்தில் மில்வாக்கி புரூவர்ஸ், அரிசோனா டைமண்ட்பேக்ஸை 4-1 என்று வென்றது. ஆட்டம் முடிந்ததும் சில ஆட்டக்காரர்களிடம் சிறுநீர் மாதிரி எடுக்கப்பட்டது. இடது களக்காரர் ரயன் ப்ரான் அவர்களில் ஒருவர். அந்தப் பருவத்தில் அவருடைய பேட்டிங் சராசரி .332. 33 ஹோம் ரன், 111 ரன் பங்களிப்பு, 33 முறை தளத்தைத் திருடியது. அதே ஆண்டு ஏப்ரலில், 2016 முதல் 2020 வரைக்குமாக 10.5 கோடி டாலர் மதிப்பில் ஒப்பந்த நீட்டிப்பும் கையெழுத்தாகியிருந்தது. இந்தத் தொகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மாதிரி எடுக்கும் வேலையை, லீக்கை நடத்தும் மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பான எம்எல்பி தன் ஆட்களைக் கொண்டு செய்வதில்லை. காம்ப்ரிஹென்சிவ் டிரக் டெஸ்டிங் என்ற வெளி நிறுவனத்திடம் விட்டிருந்தது. அந்த நிறுவனத்தின் சேகரிப்பாளர் 2005 முதல் இந்த வேலையில் இருந்தவர், 600க்கும் மேற்பட்ட மாதிரிகளை எடுத்தவர். தான் செய்ததை அவரே பின்னர் ஓர் அறிக்கையில் வரிசையாகச் சொன்னார். சிறுநீர் ஏ, பி என்று இரண்டு குப்பிகளில் பிரித்து ஊற்றப்பட்டது. ஒவ்வொரு குப்பிக்கும் எண் போட்ட முத்திரை. பிரித்தால் தடயம் தெரியும் வகை. எல்லாம் கண்முன் முறைப்படி நடந்தது என்று ஆட்டக்காரர் படிவத்தில் கையெழுத்திட்டார். குப்பிகள் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போயின, பைக்கும் முத்திரை. பை ஓர் அட்டைப் பெட்டிக்குள் போயிற்று, பெட்டியின் வாய்க்கும் எண்ணிட்ட முத்திரை. பெட்டி ஃபெடெக்ஸ் கூரியர் நிறுவனத்தின் மருத்துவ மாதிரி உறைக்குள் வைக்கப்பட்டது. பெட்டியின் மேல் ஆட்டக்காரர் பெயர் எங்கும் கிடையாது.

இதுவரை யாருக்கும் சண்டையில்லை. வேலை முடிந்தபோது மாலை சுமார் 5 மணி. ப்ரானின் மாதிரியையும் அன்று எடுத்த மற்ற மாதிரிகளையும் சேகரிப்பாளர் வீட்டுக்கு எடுத்துப்போனார். வீட்டின் அடித்தளத்தில் உள்ள அலுவலக அறையில் மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தார். திங்கட்கிழமை மதியம்தான் ஃபெடெக்ஸில் ஒப்படைத்தார். இடைப்பட்ட நேரம் ஏறக்குறைய 44 மணி.

ஏன் அப்படிச் செய்தார்? மைதானத்திலிருந்து 50 மைல் சுற்றளவில் அன்றோ ஞாயிறன்றோ பார்சலை அனுப்பி வைக்கும் ஃபெடெக்ஸ் கிளை எதுவும் இல்லை என்றார் அவர். மைதானத்துக்கு 5 மைலுக்குள் இரவு 9 மணி வரை திறந்திருக்கும் கிளைகள் குறைந்தது ஐந்து இருந்தன, 24 மணி நேரக் கிளை ஒன்றும் இருந்தது என்றார் ப்ரான். கூர்ந்து பார்த்தால் இரண்டு பேச்சும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. கிளை திறந்திருப்பது வேறு, அன்றைக்கே வண்டியில் ஏற்றி அனுப்புவது வேறு. சனி இரவு கவுண்டரில் கொடுத்தாலும் பார்சல் திங்கள் வரை ஃபெடெக்ஸ் அலமாரியில்தான் கிடந்திருக்கும் என்றால், முன்பின் தெரியாத ஊழியர்கள் நடமாடும் இடத்தைவிடத் தன் வீடே பத்திரம் என்பது சேகரிப்பாளரின் கணக்கு. நிறுவனம் தனக்குக் கொடுத்த பயிற்சியும் அதுவே என்றார்.

விதியில் இருந்தது என்னவென்றால், அசாதாரணச் சூழல் இருந்தாலொழிய மாதிரியை எடுத்த அன்றே ஃபெடெக்ஸ் மூலம் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். உடனே அனுப்ப முடியாவிட்டால் குளிர்ச்சியான, பாதுகாப்பான இடத்தில் வைத்து, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற கைமாற்றுப் பதிவு அறுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை மாலை என்பது அசாதாரணச் சூழலா? அக்டோபர் மாதப் போட்டிகளில் பல வார இறுதியில்தான் நடக்கின்றன. சனி மாலையை யாரும் முன்கூட்டியே யோசிக்காமல் விதி எழுதியதுதான் வழக்கின் முதல் பிசகு. இதைச் சேகரிப்பாளரின் தலையில் கட்டுவது நியாயமில்லை என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

மான்ட்ரியால் ஆய்வகம் பார்த்தது என்ன

மாதிரி போய்ச் சேர்ந்த இடம் கனடாவின் மான்ட்ரியாலில் உள்ள ஆய்வகம். உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் அங்கீகாரம் பெற்றது, அப்போதைய இயக்குநர் கிறிஸ்டியான் அயோட். முத்திரைகள் சிதையாமல் வந்ததாக ஆய்வகம் பதிவு செய்தது.

முதல் சோதனை டி/ஈ விகிதம். டெஸ்டோஸ்டிரோனும், ஓர் இடத்தில் மட்டும் அமைப்பு மாறிய அதன் இரட்டை போன்ற எபிடெஸ்டோஸ்டிரோனும் சிறுநீரில் வெளியேறுகின்றன. பெரும்பாலானோருக்கு இரண்டும் ஏறக்குறைய சம அளவு, ஒன்றுக்கு ஒன்று. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏற்றினால் அது எபிடெஸ்டோஸ்டிரோனாக மாறாது. போதாக்குறைக்கு, உள்ளே போதுமான அளவு இருக்கிறது என்று மூளை எண்ணி விரைகளுக்கு அனுப்பும் சமிக்ஞையைக் குறைத்துவிடுவதால் இயல்பான எபிடெஸ்டோஸ்டிரோன் சுரப்பும் இறங்கும். மேல் எண் ஏறுகிறது, கீழ் எண் இறங்குகிறது, விகிதம் எகிறுகிறது. ஜெர்மானிய வேதியியலர் மன்ஃபிரட் டோனிக்கே 1980களின் தொடக்கத்தில் கொண்டுவந்த முறை இது. முதலில் வரம்பு 6:1 ஆக இருந்து, பிறகு 4:1 ஆகக் குறைந்தது. ப்ரானின் மாதிரியில் விகிதம் 20:1ஐத் தாண்டியதாக விளையாட்டுச் செய்தி நிறுவனமான இஎஸ்பிஎன் வெளியிட்டது.

டி/ஈ விகிதத்தை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்கக் கூடாது. யுஜிடி2பி17 என்ற மரபணு இல்லாதவர்கள் டெஸ்டோஸ்டிரோனைச் சிறுநீரில் மிகக் குறைவாகவே வெளியேற்றுவார்கள். கிழக்கு ஆசியர்களிடம் இது சகஜம். அப்படிப்பட்டவர் ஊசி போட்டுக்கொண்டாலும் விகிதம் 4ஐத் தொடாமல் போகலாம். எதுவுமே போடாமல் இயல்பாகவே 4க்கு மேல் இருப்பவர்களும் உண்டு. 1990களின் இறுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் கலிஃபோர்னியாவின் பர்லிங்கேமில் இயங்கி, விளையாட்டு வீரர்களுக்கு ஊக்கமருந்து கொடுத்த பால்கோ நிறுவனம் ‘கிரீம்’ என்று கொடுத்தது டெஸ்டோஸ்டிரோனோடு எபிடெஸ்டோஸ்டிரோனையும் கலந்தது. இரண்டும் சேர்ந்து ஏறினால் விகிதம் அசையாது என்பது கணக்கு. ஆகவே விகிதம் சந்தேகத்தைக் கிளப்பும், அவ்வளவே.

சந்தேகத்தை உறுதி செய்வது ஐசோடோப் விகித நிறைமாலை. சுருக்கமாக ஐஆர்எம்எஸ். இந்த வழக்கு முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இயற்கையில் உள்ள கார்பன் அணுக்களில் சுமார் 1.1 சதவீதம் கார்பன்-13, மீதி ஏறக்குறைய எல்லாம் கார்பன்-12. தாவரங்கள் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் விதத்தைப் பொறுத்து இந்தப் பங்கு சற்று மாறும். சோளம், கரும்பு போன்ற சி4 தாவரங்களில் கார்பன்-13 கொஞ்சம் அதிகம். கோதுமை, நெல், சோயா போன்ற சி3 தாவரங்களில் குறைவு. மருந்துத் தொழிற்சாலையில் டெஸ்டோஸ்டிரோனைத் தயாரிக்க மூலப்பொருள் சோயா போன்ற தாவரங்களின் ஸ்டெரால்கள். அதனால் தொழிற்சாலை டெஸ்டோஸ்டிரோனில் கார்பன்-13 குறைவு. மனித உடல் தானே செய்யும் டெஸ்டோஸ்டிரோன் சாப்பிடும் சாப்பாட்டைப் பிரதிபலிக்கும். அமெரிக்கர்களின் சாப்பாட்டில் மக்காச்சோளம் எங்கும் இருக்கிறது: மாட்டுத் தீவனத்தில், குளிர்பானத்தின் சர்க்கரைப் பாகில், நொறுக்குத் தீனியில். இதனால் அவர்களுடைய உடல் செய்யும் ஸ்டீராய்டுகளில் (டெஸ்டோஸ்டிரோன் குடும்பத்துச் சேர்மங்களில்) கார்பன்-13 பொதுவாக ஐரோப்பியர்களைவிட அதிகம். சோயாவிலிருந்து வந்த டெஸ்டோஸ்டிரோன் அமெரிக்க உடலுக்குள் புகுந்தால் தனித்துத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆய்வகத்தில் நடப்பது இது. சிறுநீரில் ஸ்டீராய்டுகள் தனியாக இருப்பதில்லை, குளுக்குரோனைடு என்ற சர்க்கரை வாலோடு இருக்கும். நொதி சேர்த்து வாலை வெட்டுகிறார்கள். பிரித்தெடுத்து, ஒவ்வொரு ஸ்டீராய்டையும் தூய்மையாக்குகிறார்கள். இந்த இடத்தில் அழுக்கு மிஞ்சினால் பக்கத்துச் சேர்மத்தின் கார்பனும் சேர்ந்து கணக்கைக் கெடுக்கும். வேலையில் அதிக நேரம் தின்பது இதுவே. பிறகு வாயு நிறப்பிரிகை வழியாக அனுப்பி, வெளிவரும் ஒவ்வொன்றையும் உலையில் எரித்துக் கார்பன் டை ஆக்ஸைடாக மாற்றுகிறார்கள். அந்த வாயுவில் நிறை 44 உள்ளது எவ்வளவு, 45 உள்ளது எவ்வளவு என்று கருவி எண்ணுகிறது. டெஸ்டோஸ்டிரோனிலிருந்து வரும் சிதைபொருள்களின் மதிப்பை, டெஸ்டோஸ்டிரோன் எடுத்தாலும் மாறாத இன்னொரு ஸ்டீராய்டின் மதிப்போடு ஒப்பிடுவார்கள். பெரும்பாலும் பிரெக்னேன்டையால்தான் அந்த ஒப்பீட்டுப் பொருள். ஒரே உடல், ஒரே சாப்பாடு என்பதால் இரண்டும் நெருங்கியிருக்க வேண்டும். ஆயிரத்துக்கு சுமார் 3 பங்குக்கு மேல் இடைவெளி இருந்தால் ஒன்று வெளியிலிருந்து வந்தது என்று பொருள்.

ப்ரானின் மாதிரியில் இந்தச் சோதனை செயற்கை டெஸ்டோஸ்டிரோன் இருப்பதைக் காட்டியதாகச் செய்தி வந்தது.

44 மணி நேரம் மாதிரியைக் கெடுத்திருக்குமா?

வெதுவெதுப்பான இடத்தில் சிறுநீர் கிடந்தால் பாக்டீரியா பெருகும் என்பது உண்மை. யூரியா உடைந்து அம்மோனியா வாடை வரும், காரத்தன்மை ஏறும். சில பாக்டீரியாக்கள் ஸ்டீராய்டின் சர்க்கரை வாலைத் தாமே வெட்டிவிடும், சில ஒரு ஸ்டீராய்டை இன்னொன்றாக மாற்றும். ஆகவே டி/ஈ விகிதம் தப்பாகப் போக வாய்ப்பு உண்டு. ஆனால் இது திருட்டுத்தனமாக நடப்பதில்லை. வால் வெட்டுப்பட்ட, தனித்த டெஸ்டோஸ்டிரோனின் பங்கு மொத்தத்தில் 5 சதவீதத்தைத் தாண்டினால் மாதிரி கெட்டுவிட்டது என்று ஆய்வகங்கள் எடுத்துக்கொள்ளும். கெட்ட மாதிரி தன் கெடுதலைத் தானே காட்டிக்கொடுத்துவிடும்.

அதைவிட முக்கியமான விஷயம், பாக்டீரியா கார்பனின் ஊரை மாற்ற முடியாது. மனித உடலில் உருவான ஸ்டீராய்டை அது வெட்டலாம், மாற்றலாம், சோயாவிலிருந்து வந்ததாக ஆக்க முடியாது. அடித்தள அறையில் இரண்டு நாள் இருந்ததால் செயற்கை டெஸ்டோஸ்டிரோன் முளைத்தது என்ற வாதத்துக்கு வேதியியலில் இடமில்லை. மிஞ்சும் ஒரே வழி, யாராவது வேண்டுமென்றே கலந்தார்கள் என்பது. அதற்கு மூன்று அடுக்கு முத்திரையைத் தடயமில்லாமல் பிரித்து, பெயர் இல்லாத பெட்டியில் சரியான ஆளைக் கண்டுபிடித்து, உடல் வழியாகப் போய் வந்த சிதைபொருள்களைச் சரியான அளவில் சேர்க்க வேண்டும். வெறும் டெஸ்டோஸ்டிரோன் பொடியைத் தூவினால் சர்க்கரை வால் இல்லாததால் முதல் பார்வையிலேயே சிக்கிவிடும்.

இவ்வளவு தெளிவாக இருந்தும் ப்ரான் ஏன் வென்றார்?

நடுவர் மன்றம்

நடைமுறைப்படி முதல் தடவை சிக்குபவரின் பெயர் மேல்முறையீடு முடியும் வரை வெளியே வரக் கூடாது. 2011 அக்டோபர் 19 அன்று ப்ரானுக்குத் தகவல் சொல்லப்பட்டது. நவம்பர் 22 அன்று அவர் நேஷனல் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வென்றதாக அறிவிப்பு வந்தது. டிசம்பர் 10 அன்று இஎஸ்பிஎன் செய்தியை உடைத்தது. தண்டனை உறுதியானால் 2012 பருவத்தில் 50 ஆட்டங்கள் தடை.

விசாரணை 2012 ஜனவரியில் நியூயார்க்கில் நடந்தது. மன்றத்தில் மூன்று பேர். லீக் சார்பில் ராப் மான்ஃபிரட், ஆட்டக்காரர் சங்கத்தின் சார்பில் மைக்கேல் வைனர், இருதரப்புக்கும் பொதுவான நடுவர் ஷியாம் தாஸ். முதல் இருவர் எந்தப் பக்கம் ஓட்டுப் போடுவார்கள் என்பதில் யாருக்கும் சஸ்பென்ஸ் இருக்காது. தீர்ப்பு என்பது நடைமுறையில் தாஸின் ஒற்றை ஓட்டு. அவர் 1999 முதல் அந்தப் பொறுப்பில் இருந்தவர்.

ப்ரானின் வழக்கறிஞர்கள் அறிவியலோடு மல்லுக்கட்டுவதில் நேரத்தைக் கரைக்கவில்லை. சோதனை விதிப்படி நடந்தது என்று நிறுவ வேண்டிய சுமை லீக்கின் தலையில் இருக்கிறது. ‘அன்றே அனுப்ப வேண்டும்’ என்ற வரி இருக்கிறது, அன்று அனுப்பவில்லை. ஃபெடெக்ஸ் கிளைகள் திறந்திருந்தன. வீட்டு அடித்தளத்தில் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்பதற்குச் சேகரிப்பாளரின் வாய்மொழியைத் தவிர பதிவு கிடையாது. இவ்வளவுதான் அவர்கள் பிடித்த நூல். 2012 பிப்ரவரி 23 அன்று 2-1 என்று தீர்ப்பு வந்தது, தடை ரத்து. மேஜர் லீக் ஆட்டக்காரர் ஒருவர் ஊக்கமருந்துத் தடையை எதிர்த்து வென்றதாக வெளியுலகுக்குத் தெரிந்த முதல் நிகழ்வு அதுதான். லீக் அன்றே வன்மையான எதிர்ப்பைப் பதிவு செய்தது.

தீர்ப்பைக் கேலி செய்தவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஊக்கமருந்து வழக்கில் ஆட்டக்காரருக்கு இருக்கும் தற்காப்பு மிகவும் குறுகலானது. எப்படி உடலுக்குள் வந்தது என்று தெரியாது என்றால் பயனில்லை, உடலில் இருந்தாலே குற்றம். அவ்வளவு கடுமையான பொறுப்பை அவன்மேல் ஏற்றும் அமைப்பு, தன் பக்கக் கடமையை ‘கிட்டத்தட்ட’ செய்தால் போதும் என்று கேட்க முடியாது. இன்றைக்கு 44 மணி நேரத்தை மன்னித்தால், முத்திரை கிழிந்து வரும் அடுத்த மாதிரிக்கு என்ன பதில் சொல்வது? தாஸ் இந்த வழியில்தான் யோசித்தாரா என்பது வேறு விஷயம், அவருடைய எழுத்துத் தீர்ப்பு பொதுவெளிக்கு வரவில்லை. வந்த முடிவு மட்டும் இந்தத் தர்க்கத்தோடு பொருந்துகிறது.

மே மாதம் லீக் தாஸைப் பதவியிலிருந்து நீக்கியது. பொது நடுவரை இரு தரப்பில் யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. சட்டப்படி சரி, பார்க்க நன்றாக இல்லை. அவர் இடத்துக்கு ஃபிரெட்ரிக் ஹோரோவிட்ஸ் வந்தார்.

தீர்ப்புக்கு மறுநாள் ஃபீனிக்ஸில் உள்ள மேரிவேல் பயிற்சி மைதானத்தில் ப்ரான் நிருபர்களைச் சந்தித்தார். வழக்கை வென்றதோடு நிறுத்தியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். சேகரிப்பாளரைப் பற்றி அறிந்த விஷயங்கள் தங்களுக்குச் சந்தேகத்தைக் கிளப்பின என்று பேசினார். எந்த விஷயங்கள் என்று சொல்லவில்லை. பெயர் வெளியில் அடிபட்ட அந்தச் சேகரிப்பாளர் நான்கு நாளில் அறிக்கை விட்டுத் தன் தரப்பை விளக்க வேண்டியதாயிற்று. மேலே சொன்ன முத்திரை விவரங்கள் எல்லாம் அந்த அறிக்கையில் வந்தவை.

கோரல் கேபிள்ஸ் நோட்டுப் புத்தகங்கள்

அடுத்த திருப்பம் எந்த ஆய்வகத்திலிருந்தும் வரவில்லை. ஃபுளோரிடாவில் மயாமியை ஒட்டிய கோரல் கேபிள்ஸில் பயோஜெனிசிஸ் ஆஃப் அமெரிக்கா என்ற ‘வயது முதிர்ச்சித் தடுப்பு’ மருத்துவமனையை ஆன்டனி போஷ் என்பவர் நடத்திவந்தார். அமெரிக்காவில் மருத்துவராகத் தொழில் செய்யும் உரிமம் அவருக்குக் கிடையாது. வாடிக்கையாளர் பெயர், சரக்கு, தொகை ஆகியவற்றைக் கையெழுத்தில் நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்திருந்தார். அவை மயாமி நியூ டைம்ஸ் பத்திரிகைக்குக் கிடைத்து, 2013 ஜனவரி இறுதியில் செய்தி வந்தது. அலெக்ஸ் ரோட்ரிகஸ், நெல்சன் குரூஸ், மெல்கி கப்ரேரா, பார்டோலோ கோலோன் எனப் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் பெயர்கள் வெளியாயின.

ஒரு வாரத்தில் யாஹூ ஸ்போர்ட்ஸ், ப்ரானின் பெயரும் பதிவுகளில் இருப்பதாகச் சொன்னது. பெயருக்குப் பக்கத்தில் 20,000 முதல் 30,000 டாலர் வரையிலான தொகை. மேல்முறையீட்டின்போது தன் வழக்கறிஞர்கள் போஷிடம் ஆலோசனை கேட்டார்கள், அதற்கான கூலியில் தகராறு, அதுதான் அந்தத் தொகை என்று விளக்கம் கொடுத்தார் ப்ரான். டி/ஈ விகிதத்தைப் பற்றி ஆலோசனை கேட்க உரிமம் இல்லாத ஓர் ஆளைத் தேடி மயாமிக்குப் போன வழக்கறிஞர்களை நம்புவதற்குப் பெரிய மனசு வேண்டும்.

போஷ் விற்ற சரக்குகளில் டெஸ்டோஸ்டிரோன் கிரீமும், வாயில் கரையும் டெஸ்டோஸ்டிரோன் மிட்டாயும் உண்டு. பழைய எண்ணெய் ஊசிகள் வாரக்கணக்கில் உடலில் தங்கி ஆளைக் காட்டிக்கொடுக்கும். கன்னத்தின் உட்புறம் வழியாக இரத்தத்தில் ஏறும் மருந்து சீக்கிரம் ஏறிச் சீக்கிரம் இறங்கும். ஆட்டம் முடிந்த கையோடு எடுத்த மாதிரியில் 20க்கு மேல் விகிதம் இருந்தது, இறங்குமுன்பே பிடிபட்டதைக் காட்டுகிறது என்பது எங்கள் அனுமானம். இதே சங்கதியின் மறுபக்கம் ரோட்ரிகஸ். போஷின் வாடிக்கையாளராக இருந்த ஆண்டுகளில் அவரைப் பலமுறை சோதித்தும் ஒரு மாதிரியும் சிக்கவில்லை என்பது பிறகு நடந்த விசாரணையிலேயே பதிவானது. சோதனையில் சிக்கவில்லை என்பது சுத்தம் என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

லீக் இந்த முறை குப்பிகளை விட்டுவிட்டு ஆவணங்களைப் பிடித்தது. 2013 மார்ச்சில் போஷ் மேலும் அவருடைய கூட்டாளிகள் மேலும் ஃபுளோரிடா நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. ஒப்பந்தத்தில் இருந்த ஆட்டக்காரர்களை விதி மீறத் தூண்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. மருத்துவமனைப் பதிவுகளைக் காசு கொடுத்தும் வாங்கியது. வழக்குச் செலவு தாங்காமல் ஜூனில் போஷ் ஒத்துழைக்கச் சம்மதித்தார். சாட்சியை இப்படி வளைப்பதில் முகம் சுளிக்கக் காரணம் உண்டு, பலன் கிடைத்தது என்பதையும் மறுக்க முடியாது.

ஜூன் இறுதியில் லீக் அதிகாரிகள் கேட்டபோது ப்ரான் பயோஜெனிசிஸ் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்தார். அடுத்த மாதம் அவர்கள் வைத்திருந்த ஆதாரங்களைப் பார்த்தபின் இறங்கிவந்தார். 2013 ஜூலை 22 அன்று பருவத்தின் மீதமிருந்த 65 ஆட்டங்களுக்கும் சம்பளமின்றித் தடை, மேல்முறையீடு கிடையாது. முதல் குற்றத்துக்கு விதிப்படி 50 தான். கூடுதல் 15 ஆட்டங்கள் இரு தரப்பும் பேசி முடித்தவை. ஆகஸ்ட் 5 அன்று 12 பேர் தலா 50 ஆட்டத் தடையை ஏற்றுக்கொண்டார்கள். ரோட்ரிகஸுக்கு 211 ஆட்டங்கள். ஹோரோவிட்ஸ் அதை 2014 ஜனவரியில் 162 ஆகக் குறைத்தார்.

ஆகஸ்ட் 22 அன்று ப்ரான் வெளியிட்ட அறிக்கையில் உண்மை வந்தது. 2011 பருவத்தின் பிற்பகுதியில், விடாமல் தொல்லை கொடுத்த ஒரு காயத்திலிருந்து சீக்கிரம் மீள ஒரு கிரீமும் ஒரு மிட்டாயும் பயன்படுத்தியதாக ஒப்புக்கொண்டார். சேகரிப்பாளரிடம் மன்னிப்பும் கேட்டார். மான்ட்ரியால் ஆய்வகத்தின் ஐசோடோப் எண்களுக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் தேவையில்லை. விருதை யாரும் திரும்பப் பெறவில்லை.

மாறிய விதிகளும் மாறாத கணக்கும்

2012 ஜூனிலேயே மாதிரி சேகரிக்கும் விதிகளைச் சங்கமும் லீக்கும் உட்கார்ந்து திருத்தி எழுதின. வழக்கு அம்பலமாக்கிய ஓட்டைக்கு ஒட்டுப் போட ஒரு வாரமே போதும். அந்த வாரத்தை 2011க்கு முன்பே செலவழித்திருக்கலாம். 2013 பருவத்திலிருந்து வளர்ச்சி ஹார்மோனுக்கான இரத்தச் சோதனை பருவத்துக்கு நடுவிலும் வந்தது. கூடவே ஒவ்வொரு ஆட்டக்காரரின் டெஸ்டோஸ்டிரோன் பதிவையும் ஆண்டுக்கணக்கில் தொடரும் கோப்பு தொடங்கியது. எல்லோருக்கும் பொதுவான 4:1ஐ விட, ஒருவருடைய சொந்த எண் திடீரென்று நகர்கிறதா என்று பார்ப்பது பல மடங்கு கூர்மையானது. எப்போதும் 0.8 இருப்பவருக்கு 2.5 வந்தால், வரம்புக்குள் இருந்தாலும் ஐஆர்எம்எஸ் பக்கம் அனுப்பலாம்.

பயோஜெனிசிஸ் புழுதி அடங்குமுன் 2014 மார்ச்சில் பெரிய திருத்தம் வந்தது. முதல் தடவை 80 ஆட்டங்கள், இரண்டாம் தடவை 162, மூன்றாம் தடவை நிரந்தரத் தடை. தடை பெற்றவர் அந்த ஆண்டு இறுதிச் சுற்றுகளிலும் ஆட முடியாது. பருவத்தின் நடுவில் எடுக்கும் முன்னறிவிப்பில்லாச் சிறுநீர் மாதிரிகள் 1,400இலிருந்து 3,200 ஆயின. ஒவ்வொரு ஆட்டக்காரரின் ஒரு மாதிரியாவது டி/ஈ எதுவாக இருந்தாலும் ஐசோடோப் சோதனைக்குப் போகும். மிட்டாய்க்காரர்களுக்கு எதிராக உருப்படியான ஒரே ஏற்பாடு இந்தக் கடைசி வரிதான் என்போம். குறைந்த அளவில் எடுத்து விகிதத்தை 4க்குள் வைத்திருப்பவருக்குப் பழைய முறையில் ஐசோடோப் சோதனை வருவதற்கு வழியே இருந்திருக்காது. ஒருமுறை சிக்கியவர் அதன்பின் ஆடும் ஒவ்வொரு ஆண்டும் கூடுதலாக 6 சிறுநீர் மாதிரியும் 3 இரத்த மாதிரியும் கொடுக்க வேண்டும்.

பணக் கணக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. 65 ஆட்டங்களில் ப்ரான் இழந்தது சுமார் 32.5 லட்சம் டாலர். ஆரம்பத்தில் சொன்ன 10.5 கோடி டாலர் நீட்டிப்பில் தடையால் ஒரு டாலர் குறையவில்லை. 2014இல் திரும்பி வந்து 2020 வரை ஆடினார், 2021 செப்டம்பரில் ஓய்வு அறிவித்தார். 50 ஆட்டத் தடையை 2013இல் ஏற்ற ஜானி பெரால்டாவுக்கு அதே ஆண்டு நவம்பரில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் நான்கு ஆண்டுக்கு 5.3 கோடி டாலர் கொடுத்தது. சுத்தமாக ஆடுபவர்களே அப்போது வெளிப்படையாகக் கொதித்தார்கள்.

ஊக்கமருந்தில் சிக்கியதைக் காரணம் காட்டி அணி ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. ஒப்பந்தம் ரத்தாகும் என்ற பிரிவைச் சங்கம் ஏற்றுக்கொண்டதில்லை. 2018இல் 80 ஆட்டத் தடை பெற்ற ஆட்டக்காரர் ராபின்சன் கனோ 2020 நவம்பரில் ஸ்டனோசொலோல் என்ற ஸ்டீராய்டுக்கு மறுபடி சிக்கினார். 2021 பருவம் முழுக்கப் போயிற்று, சம்பளம் 2.4 கோடி டாலரும் போயிற்று. ஆனால் 10 ஆண்டு, 24 கோடி டாலர் ஒப்பந்தம் உயிரோடு இருந்தது. 2022 மே மாதம் நியூயார்க் மெட்ஸ் அவரை வெளியே அனுப்பியபோதும் மீதிச் சம்பளத்தை எண்ணி வைத்துத்தான் அனுப்ப வேண்டியிருந்தது.